கார்ஸ்டனின் கைகள்

வெஸ்ட்பி, விஸ்கான்சின்
மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள எல்டன்,

அலாஸ்காக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினோரு வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையோடு நிறுத்திக்கொண்ட அண்ணி முழுக் கடிதம் எழுதினால் பயம் வரத்தான் செய்யும். உட்கார்ந்து படி.

உன் அண்ணன் கார்ஸ்டனுக்கு ரத்தப் புற்றுநோய். நவம்பரில் தெரிந்தது. உனக்குச் சொல்லக் கூடாது என்றார், நானும் கேட்டுத் தொலைத்தேன். இரண்டு சுற்று கீமோ முடிந்துவிட்டது. இப்போது ரத்தத்தில் நோய் தெரியவில்லை. ஆனால் இன்னும் இரண்டு சுற்று போடாவிட்டால் திரும்பி வந்துவிடுமாம்.

முடி கொட்டியதற்கு அவர் கலங்கவில்லை. "தொப்பி இப்பத்தான் ஒழுங்கா உக்காருது" என்று சிரித்தார். கைதான் படுத்திவிட்டது. இரண்டாம் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கை இரண்டும் சிவந்து எரிந்தன. நமக்கு அது புதிதா? கறக்குமுன் மாட்டு மடி துடைக்கிற அயோடின் மருந்து பட்டு, குளிர்காலம் முழுக்கக் கை வெடிக்கிற வீடுதானே. மாட்டு மடிக்குப் போடும் களிம்பைப் பூசிக்கொண்டு, கறவைக் குழாய்களை வெந்நீரில் கழுவக் கிளம்பிவிட்டார். கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவமனையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். களிம்பு டப்பாவைத் திறந்து கொடுத்தவளே நான்தான்.

அது அயோடின் இல்லை, கீமோ மருந்தின் வேலை. சூடும் உராய்வும் சேர்ந்து கொப்புளம் கட்டி, தோல் பட்டை பட்டையாக உரிந்துவிட்டது. "ஆறிடும். ஆனா இந்தக் கையோட கொட்டகைக்குள்ள போனா கிருமி ஏறிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டரம்மா.

இரண்டு வாரமாக நானும் பக்கத்துப் பண்ணை லாய்டும் கறக்கிறோம். என் இடுப்பு விட்டுப்போயிற்று. இவரோ ஜன்னலில் நின்றுகொண்டு, "அவன் கை பட்டாலே மாடு பால அடக்கிக்குது" என்று லாய்டைத் திட்டுகிறார். பதினேழாம் தேதி திங்கட்கிழமை மூன்றாம் சுற்று. கை ஏறக்குறைய ஆறிவிட்டது, போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவர் போகமாட்டாராம். மருந்து ஏற்றினால் கை மறுபடி போய்விடும், நாற்பத்திரண்டு மாட்டையும் லாய்டிடம் விட முடியாதாம். கெஞ்சினேன், கத்தினேன். எனக்கு அலுத்துவிட்டது, எல்டன்.

யாரிடம்தான் விடுவீர்கள் என்று நேற்றுக் கேட்டேன். "எல்டன்னா அது வேற" என்றார். உடனே, அவனுக்கு எழுதிவிடாதே என்றும் சொன்னார்.

எழுதிவிட்டேன். பண்ணையில் யார் பேச்சு எடுபடுவது என்று பதினோரு வருடத்துக்கு முன்பு நீங்கள் இருவரும் போட்ட சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை காலைக் கறவைக்கு நீ கொட்டகையில் நின்றால் அவர் காரில் ஏறுவார்.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவரும் கேட்கமாட்டார். உன்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டுவார். பிடித்துக் குலுக்கிவிடாதே, புதுத்தோல் இன்னும் தாங்காது. தோளைப் பிடித்துக்கொள்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணி,
டார்லா