கண்டமங்கலத்துக் கதவும் என் படமும்

4, செவ்வாய்

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றபடி. இடுப்பு போச்சு.

வேலை: ஒரு கட்டில், ஒரு டிவி அலமாரி. இரண்டுக்கும் கம்ப்யூட்டரில் மரத்தின் ஃபோட்டோவை ஏற்றணும், நிஜ மரம் மாதிரி தெரிய. கட்டிலில் நாலு பலகையிலும் ஒரே மரக்கண், கிளை முளைத்த வடு, அதே இடத்தில். பார்க்கிறவன் சிரிப்பான். ஒவ்வொரு பலகையிலும் படத்தை நகர்த்தி, திருப்பி, ரேகை நீளவாக்கில் ஓடும்படி செய்தேன். அறுத்த முனைகளுக்கு வளையம் தெரிகிற வேறு படம்.

மதியம் பட்டறை. கண்டமங்கலம் அம்மாவின் தலைவாசல் கதவு தயார். நான் செய்த படத்தில் அது தேன் நிறம். அதைக் காட்டித்தான் ஓனர் அந்த அம்மாவிடம் தேக்கு என்று ஆர்டர் வாங்கினார். இதுவோ வெளிறிப்போய், அங்கங்கே பச்சை. தேக்கா இது? தச்சு மேஸ்திரி ஏழுமலை என்னைப் பார்த்ததும் ஃபோன் பேச்சை நிறுத்திவிட்டார். ஏன்?

5, புதன்

மேஸ்திரியைக் கேட்டேவிட்டேன். "இப்பத்தான் இழைச்ச மரம்மா. நாலு நாள் வெய்யில் பட்டா தன்னால கலரு ஏறும்."

யாரிடம் கதை? மூன்று வருஷமாக மரத்தோடுதான் குப்பை கொட்டுகிறேன்.

மரக்கடைக்குப் போனது அவர். பலகையை வண்டியில் ஏற்றியது அவர். கையில் புது ஃபோன் வேறு. காசு எங்கிருந்து?

என் படத்தையும் கதவின் ஃபோட்டோவையும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே ஒரு வரி: மரம் மாறியிருக்குமோ சார்? நான் செய்தது சரிதான்.

6, வியாழன்

ஓனர் ஒரே கத்தல். கண்டமங்கலம் அம்மாவும் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டார்.

"படத்துல ஒண்ணு காட்டிட்டு, இங்க ஒண்ணு பண்ணிக்கினு இருக்கீங்களே?"

மேஸ்திரி ஒரே தரம்தான் சொன்னார். "தேக்குதாங்க. மோந்து பாருங்க."

யாரும் மோந்து பார்க்கவில்லை. நானும். மேஸ்திரி உளிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவை வெளியே தூக்கிப் போட்டார்கள். வெயிலில் கிடக்கிறது, அதன் ஒரு மூலை மேல் ஒரு சாக்கு.

தப்பு செய்யாதவர் சண்டை போட்டிருக்க மாட்டாரா? நடிப்பு.

10, திங்கள்

கதவில் பச்சை இல்லை. தேன் நிறம்! யாராவது பாலிஷ் போட்டார்களா? வாட்ச்மேனைக் கேட்டேன். "யாரும் கை வெக்கலம்மா." சாக்கைத் தூக்கினேன். அந்த மூலை மட்டும் பழைய வெளிறல்.

மோந்து பார்த்தேன். தேக்குதான். மரக்கடைக்கும் ஃபோன் போட்டேன். அரை நாள் நின்று பொறுக்கி எடுத்தாராம் மேஸ்திரி.

என் படத்தில் நான் ஏற்றியது எங்கள் வீட்டு வாசல் கதவைப் பிடித்த ஃபோட்டோ. அப்பா பிறக்கும் முன் போட்ட கதவு. புதிதாக இழைத்த தேக்கை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஓனரிடம் சொன்னேன். அவர் பதில்: "படத்தப் பாத்துத்தாம்மா பார்ட்டி வர்றாங்க. வெளிய சொல்லிக்கினு இருக்காத, பேஜாரு."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேஸ்திரிக்கு ஃபோன். புதுச்சேரியில் கிடைத்த வேலைக்குப் போகிறாராம். "மேஸ்திரி, வெய்யில்ல போட்ட கதவு கலரு ஏறிடுச்சு. அந்த வாட்ஸ்அப்..." என்று இழுத்தேன்.

"தெரியும்மா. ஓனர் காட்னாரு."

பஸ் ஒன்று போனது. அவர்தான் கேட்டார்.

"கதவ தினம் திருப்பிப் போட்டீங்களா? ஒரே பக்கம் காஞ்சா வளைஞ்சிடும்மா."

யாரும் திருப்பவில்லை.