மன்னிப்பு வாங்கியவர் உள்ளே

ஐப்பசி 9, திங்கள்
விடியும்போதே வாடைக்காற்று. யாரும் தொழிலுக்குப் போகவில்லை. வக்கீல் போன். கோர்ட்டில் என் வீட்டுக்காரருக்கு மன்னிப்பு கொடுத்துவிட்டார்களாம். அந்தக் கொலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சாட்சி சொன்னால் தண்டனை கிடையாது. அப்ரூவர் என்று பெயர்.

மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். பாய் உதறிப் போட்டேன். சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டால், கேஸ் முடிகிறவரை ஜெயிலில்தான் இருக்கணுமாம். முதல் குற்றவாளி என் அண்ணன். அவன் ஜாமீனில் வெளியே. மன்னிப்பு வாங்கியவர் உள்ளே. முன்னாடியே ஜாமீனில் வந்திருந்தால் இவரும் வெளியே இருக்கலாமாம், ஆனால் ஜாமீன் நிற்க ஊரில் ஒருத்தரும் வரவில்லை. என்ன சட்டமோ. குழம்பை நானே தின்றேன்.

ஐப்பசி 11, புதன்
ஜெயிலுக்கு வாங்க வேண்டியது: சோப்பு, பல்பொடி, லுங்கி.

ஊர்க்கூட்டம். ஏரியில் வலை போட வீட்டுக்கு வீடு முறை உண்டு, பாடு என்போம். எங்கள் பாட்டை எடுத்துவிட்டார்கள். ஊரைக் காட்டிக்கொடுத்தவன் வீடாம். எங்கள் பாட்டில் வலை போட்டான் என்றுதான் பக்கத்துக் குப்பத்து ஆளை அன்றைக்கு அடித்தே கொன்றார்கள். அவன் பெயரைக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை.

ஐப்பசி 12, வியாழன்
அண்ணன் வந்தான். நைனா போனபிறகு என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன். உள்ளே வராமல் நின்றான். இளைத்திருக்கிறான்.

"மச்சான கோர்ட்ல மாத்தி சொல்ல சொல்லுமா. பாட்ட ஊரு திருப்பிக் குடுத்துடும்."

மாற்றிச் சொன்னால் மன்னிப்பு ரத்தாகி இவரும் கூண்டில் நிற்கணும் என்றேன்.

"நிக்கட்டுமே. நான் நிக்கலையா?"

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். டீ கொடுத்தேன்.

ஐப்பசி 16, திங்கள்
தூறல். ஜெயில். சோப்பையும் லுங்கியையும் வாங்கிக்கொண்டார்கள், பல்பொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர். தாடி நரைத்துவிட்டது. அண்ணன் சொன்னதை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். போனை எடுத்ததும் இவரே முந்திக்கொண்டார்.

"நான் செஞ்சதயும் மறைக்காம சொல்லணும்னுட்டாரு ஜட்ஜு. உங்கண்ணன் துடுப்பால அடிக்கறப்ப, அந்த ஆளு கைய பிடிச்சிக்கினது நான்தான்."

அன்றைக்குப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் இத்தனை நாளும் இவர் என்னிடம் சொன்னது. அழுகை வந்தது. அருவருப்பாகவும் இருந்தது. அந்த ஆளின் பெண்டாட்டியைச் சந்தையில் பார்த்திருக்கிறேன்.

"எல்லாத்தையும் சொல்லிடு" என்றேன்.

"உங்கண்ணன்?"

"அண்ணன் அடிச்சதயும்தான்."

பஸ்ஸை விட்டு இறங்கினால் அண்ணன் பைக்கோடு நிற்கிறான். என்ன ஆச்சு என்று கேட்டான்.

"உள்ளத சொல்ல சொல்லிட்டேன்ணா."

பைக்கைக் கிளப்பினான். மழை வலுத்தது. ஏறு என்றான். வாசலில் இறக்கிவிட்டுப் போனான். இனி இந்தப் பக்கம் வரமாட்டான்.