சத்தமே போடாத மெஷின்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம், என் காதைத் தவிர, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போன மாதக் காற்றில் பின்பக்க மரம் பாதி முறிந்து விழுந்து, வெட்டிப்போட்ட கிளை ஆளுயரத்துக்குக் குவிந்துவிட்டது, குப்பை வண்டிக்காரரும் எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். சரி, கிளை அரைக்கிற மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். அதில் இரண்டு ரகம் உண்டு, தெரியுமா? ஒன்றில் கத்தி படுவேகமாகச் சுற்றி இலையையும் சுள்ளியையும் நொடியில் தூளாக்கும். மற்றதில் பல் வைத்த உருளை மெதுவாகச் சுற்றிக் கிளையைத் தானே உள்ளே இழுத்து நசுக்கும், கட்டைவிரலைவிடத் தடித்ததைக்கூட விடாது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா பகலில் தூங்குகிறவர், சத்தமில்லாததாகப் பார்த்து வாங்குங்கள் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். உருளை கரகரவென்று உறுமியது, கத்தி மெஷின் மூச்சே விடவில்லை. இதையே கட்டுங்கள் என்றேன். அவர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார், விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஓட்டினால், சுள்ளி கொத்துக் கொத்தாக உள்ளே போகிறது, பொடியாக வெளியே கொட்டுகிறது, எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வேலியோரம் நர்ஸம்மா தலையணையோடு நிற்கிறார், அம்மா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவருகிறாள். மெஷினை நிறுத்தியதும் நர்ஸம்மா திட்டவில்லை, என் முகத்துக்கு நேரே நின்று, உங்களுக்கு இது கேக்கவே இல்லையா என்றார். அவர்தான் காது டாக்டரிடம் அனுப்பினார். உறுமல் மாதிரியான சத்தம் எனக்குக் கேட்குமாம், கீச்சென்ற சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டதாம், கத்தி மெஷின் போடுவது அந்தக் கீச்சுச் சத்தம்தானாம். வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன், லாரி கேட்கிறது, காலிங் பெல் இல்லை, அம்மா திட்டுவது மட்டும் எப்படியோ கேட்கிறது.

கத்தி மெஷினைக் கொடுத்துவிட்டு உருளையை வாங்கிவந்தேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், குச்சியால்தான் தள்ளுகிறேன், அடைத்துக்கொண்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறேன், கவலைப்படாதே. குவித்து வைத்த தூளுக்குள் கைவிட்டுப் பார்த்தேன், அடுப்பு மாதிரிச் சுடுகிறது, ஏன் என்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிச் சோதித்துக்கொண்டு வந்தபோதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது, சின்ன வயதிலிருந்தே உனக்குக் கீச்சுக்குரல். மூன்று மாதம் முன்பு போனில் ரொம்ப நேரம் பேசினாயே, அதில் அப்பா என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, சரிம்மா பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு அம்மாவிடம் போனில் பேசினாலும் நீ என்னைக் கூப்பிடச் சொல்வதே இல்லை. அம்மாவைக் கேட்டால், அவகிட்டயே கேளுங்க, அன்னைக்கு அவ அழுதா என்கிறாள். நீ அழுதுகொண்டிருந்தபோது நான் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நூறு வயது நன்றாக இரு, கண்ணு. மறந்துவிடாதே, அன்று நான் சொன்னது உனக்கான பதில் இல்லை. என்ன கேட்டாய் என்று ஒரு வரி எழுதிப் போடு, கண் எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா