பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

இன்று காலை கடையில் மல்லிகை மூட்டையைப் பிரித்தபோது, ஈரச் சாக்கோடு கலந்து அந்த மணம் வந்தது. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் நீங்கள் ஏலம் விட்டால் ரோடு வரை கேட்கும். அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது சளி என்றுதான் நினைத்தோம். மிளகுப் பாலும் குடித்துப் பார்த்தீர்கள். வாரங்கள் கடந்தும் தெளியவில்லை. சோதித்த மருத்துவர் குரல்வளையில் புற்றுநோய் என்றார். குரல்வளையையே எடுத்துவிடச் சொன்னார். நான் உடனே தலையாட்டினேன். நீங்கள்தான் மதுரையில் இன்னொருவரிடம் கேட்போம் என்றீர்கள்.

மதுரை மருத்துவரம்மா படம் வரைந்து காட்டினார். கதிர்வீச்சும் கூடவே மருந்தும் கொடுத்தால் குரல்வளையைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது, கட்டி கரையாவிட்டால் அறுவை சிகிச்சைக்கு வந்தே ஆக வேண்டும் என்றார். எனக்குப் பயம். வெளியே வந்ததும், "நீங்க உசுரோட இருந்தாப் போதும். சத்தத்த வச்சு என்ன செய்யப் போறோம்?" என்றேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "உசுர விட்டுட்டுக் குரலக் கேக்கல புள்ள. ரெண்டுக்கும் வழி இருக்குன்னு அந்தம்மா சொல்லுது. பாப்போம். சரிவரலேன்னா நானே ஆபரேசனுக்குப் போயிப் படுத்துக்கிறேன்."

பீடியை அன்றே விட்டீர்கள். சிகிச்சையின் நடுவில் கழுத்துத் தோல் கருகி உரிந்தது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் முட்டியது. மூக்கில் குழாய் வைத்துத்தான் கஞ்சி இறங்கியது. இருந்த குரலும் அடங்கிப்போனது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டுவீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

சில மாதம் கழித்து, தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவரம்மா கட்டி இல்லை என்றார். ஆனாலும் நீங்கள் பேச வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஒரு மதியம் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "தனம்" என்று கேட்டது. யாரோ போலக் கரகரத்த குரல். கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"கட்டிலத் தட்டுறப்பல்லாம் மனசுக்குள்ள பேரச் சொல்லித்தான் கூப்ட்டுக்கிட்டிருந்தேன்" என்றீர்கள்.

பழைய ஏலக் குரல் திரும்பவில்லை. தராசுப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கட்டைக் குரலில் விலை சொன்னீர்கள். பேத்தியின் காதில் அவள் பேரை நீங்களே சொன்னீர்கள். போன வருடம் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோகும் வரை தொண்டையில் நோய் திரும்பவே இல்லை.

சென்ற வாரம் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் கணவருக்கும் அதே நோய், அவள் முகத்தில் அதே பயம். குரல் திரும்புமா என்று கேட்டாள். "எல்லாருக்கும் ஒண்ணு போல இருக்காது தாயி. டாக்டர்கிட்ட நல்லா விசாரி. எங்க வீட்டுல திரும்புச்சு" என்றேன். முகம் தெளிந்து, முதலில் என்ன பேசினார் அக்கா என்றாள்.

சிரித்து வைத்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.