நம் தொட்டியில் நத்தை பெருகிய கதை

சேந்தமங்கலம்,
தை 22.

அன்புள்ள அம்மிணி தமிழினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் நீ விட்டுப்போன நான்கு மீன்களும் சௌக்கியம், அங்கே கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொட்டி என்று ஆரம்பித்ததுமே நீ "யாருக்காச்சும் குடுத்துருங்கப்பா, எதுக்கு சிரமம்" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் குறுக்கே பேச முடியாதபடி காகிதத்தில் எழுதுகிறேன்.

தொட்டியில் நத்தை புகுந்துவிட்டது சாமி. ஐப்பசியில் மீனுக்கு நிழலாக இருக்கட்டுமென்று நாமக்கல்லில் நாலு கொத்துச் செடி வாங்கிவந்து போட்டேன், இலைக்கு அடியில் ஜவ்வுபோல ஏதோ ஒட்டியிருந்தது, அழுக்கென்று நினைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருந்து லட்சக்கணக்கில் முட்டை எண்ணி அனுப்பியவனுக்குக் கண்ணெதிரே இருந்தது முட்டை என்று தெரியவில்லை, நன்றாகச் சிரித்துக்கொள். கார்த்திகையில் மிளகு அளவில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தது, மார்கழி பாதியிலேயே கண்ணாடி முழுக்க நத்தைதான், மீன் எங்கே என்று தேடவேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு ரஞ்சிதா நத்தை மருந்து வாங்கித் தருவதாகச் சொன்னாள், நானும் தலையாட்டிவிட்டேன். நல்லவேளை, மீன் தீனி வாங்கும் கடையில் வெண்ணிலா என்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டேன். மருந்து ஊற்றினால் அத்தனை நத்தையும் ஒரே நாளில் செத்து அழுகும், அந்தத் தண்ணீரில் மீனும் போய்விடும் என்றாள். தீனி எத்தனை வேளை போடுகிறீர்கள் என்று கேட்டாள், நான் சாப்பிடும்போதெல்லாம் என்றேன். "ஏனுங்கய்யா, மீன் திங்காம உட்டதத் தின்னுதான் நத்தை பெருகுது, நீங்க மீனா வளக்கறீங்க, நத்தைப் பண்ணையில்ல வச்சிருக்கீங்க" என்று கடையே சிரிக்கும்படி சொல்லிவிட்டாள்.

கோழி ஒன்றுக்கு நாளைக்கு இத்தனை கிராம் என்று அளந்து போட்ட கைதான் இது, அளவு தெரியாமல் இல்லை. தொட்டி சாப்பாட்டு மேசையை ஒட்டி இருக்கிறதல்லவா, நான் தட்டோடு உட்கார்ந்தால் நான்கும் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கும். "ஒரு ஜீவன் பாத்துட்டு இருக்கறப்ப நாம மட்டும் திங்கக்கூடாதுங்க" என்று உன் அம்மா சொல்லிச் சொல்லிப் பழக்கியது, நாய்க்கு வைத்த பிறகுதான் நமக்கே சோறு போடுவாள். இந்த மாசி வந்தால் அவள் போய் மூன்று வருஷம். இட்லிக்கு ஒரு சிட்டிகை, சோற்றுக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று என்று நானும் போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன், இந்த வீட்டில் என்னோடு சாப்பிட வேறு யார் இருக்கிறார்கள் சொல்.

இப்போது வெண்ணிலா சொன்னபடி காலையில் ஒரே ஒரு சிட்டிகை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு, அவ்வளவுதான். சாயங்காலம் வெள்ளரித் துண்டை ஸ்பூனில் கட்டி இறக்கிவிடுகிறேன், விடிந்து தூக்கினால் நத்தைகள் அப்பிக்கொண்டு வருகின்றன, அவற்றை ரஞ்சிதாவின் நாட்டுக்கோழிகளுக்குப் போட்டுவிடுகிறேன், என் செருப்புச் சத்தம் கேட்டாலே அவை ஓடி வருகின்றன. மூன்று வாரத்தில் கண்ணாடி தெளிந்துவிட்டது, நேற்று எண்ணினேன், ஏழு நத்தைதான். நீ தொட்டியைக் கொடுக்கச் சொல்லாதே. உன் அத்தை மகள் தனப்பிரியாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது, ஒரு போன் போட்டு விசாரி. எனக்குச் சர்க்கரை அளவும் பரவாயில்லை.

ஆனால் ஒன்று சாமி. மத்தியானமும் ராத்திரியும் அதுகள் பார்க்க மேசையில் உட்கார எனக்கு மனசு வரவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். பாதிச் சோறு இறங்குவதில்லை, சில நாள் அடுப்பே பற்றவைப்பதில்லை. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் என்பதால் கிச்சனில் நின்றே சாப்பிட்டுவிடுவதாக நீ சொன்னபோது சத்தம் போட்டேனே, உட்கார்ந்து சாப்பிட என்ன கேடு என்று. எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை அம்மிணி, இப்போது தெரிகிறது.

உனக்கு ராத்திரி எட்டு மணி என்றால் எனக்குக் காலை எட்டரை, மீனுக்குத் தீனி போடுகிற நேரமும் அதுதான். முடிகிற நாளில் போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடு, பேசக்கூட வேண்டாம். நான் இட்லியோடு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன், நான்கு மீனும் தின்னும். அப்போது யாரும் யாரையும் பார்க்க வைத்துத் தின்றதாக ஆகாது.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் ஒரு வேளையும் குறையாமல் உண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும்.

நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்ட,
உன் அப்பா
காளியப்பன்