படகு மூக்கின் இடப்பக்கம்

பார்ல்,
8 ஆகஸ்ட் 2022

அன்புள்ள ருஷ்டி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இனி போனில் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். போனில் நீ பம்ப் சத்தத்தை மீறிக் கத்துகிறாய். பம்ப் ஓடாத நேரத்திலும் கத்துகிறாய். எழுதினால் இரண்டு பேருமே கத்த முடியாது. அதனால் மெயிலில்தான், ஆனால் கடிதமாக, முழு வாக்கியத்தில் எழுது. "ஓகே", "பார்த்தேன்" என்று ஒற்றை வார்த்தை அனுப்பினால் பதில் வராது.

அக்கா வீட்டு மாடியறையில் கணினியை வைத்திருக்கிறேன். ரஃபீக்கா அக்கா படியேறி வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஒரு மணி நேரக் கார் தூரத்துல இருந்துக்கிட்டு புருஷனும் பெண்டாட்டியும் கடுதாசி போடுறீங்களா? உங்களுக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா?" சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கவலைப்படாதே, நீ கவலைப்பட்டிருந்தால்.

நான் ஏன் கிளம்பினேன் என்று உனக்குத் தெரியாததுபோல உன் தம்பியிடம் பேசியிருக்கிறாய். அதனால் எழுதியே வைக்கிறேன். இரண்டாவது படகு மூக்கும் சுருக்கம் விழுந்து வந்த அன்று, அச்சுக்குப் பக்கத்தில், பட்டறையின் ஆறு பேரும் நிற்க, நீ சொன்னாய்: "இவளுக்குத் துணியும் தெரியாது, படகும் தெரியாது. திரையில கலர் கலரா பொம்மை போடத்தான் தெரியும்." லுவாண்டோ தரையைப் பார்த்தான். வெரோனிகா கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அந்தப் பட்டறையை ஒன்பது வருடம் முன்பு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே தொடங்கினோம்?

ஒன்றுதான் கேட்கிறேன். எங்கே சொன்னாயோ அங்கேயே, அதே ஆறு பேர் முன்னால், சொன்னது தப்பு என்று சொல். மறுநாளே வீட்டுக்கு வருகிறேன்.

வேலையை விடமாட்டேன். மீட்புப் படகு அலையில் மோதும்போது முதல் அடி வாங்குவது அந்த மூக்குதான். சுருக்கம் இருக்கும் இடத்தில் கார்பன் துணி விட்டுப்போகும், உள்ளே இருப்பவர்கள் போய்விடுவார்கள். வேலை கொடுத்த லாட்டகன் அவற்றைத் திருப்பி அனுப்பியதில் தப்பே இல்லை. மூன்றாவதும் கெட்டால் வேலையை டர்பன் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். கெட்டுப்போன இரண்டின் படங்களையும் அனுப்பு.

நாளை நம் நாட்டு மகளிர் தினம். வாழ்த்து அனுப்பித் தொலைக்காதே.

யும்னா

*

கேப் டவுன்,
11 ஆகஸ்ட்

என் யும்னாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே வாழ்த்தை அனுப்பிவிட்டேன். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்.

வீடு வீடாக இல்லை. தினமும் சால்ட் ரிவர் கடையில் கேட்ஸ்பி ரொட்டி வாங்கி, பாதியை மத்தியானமும் மீதியை இரவும் தின்கிறேன். வயிறு கல்லாகக் கிடக்கிறது. இரண்டு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் இல்லை. துணியில் ரெசின் பசையை ஊற்றிப் பாதியில் பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டர்க்காரன் நாளைக்கு வருகிறேன் என்று இரண்டு வாரமாகச் சொல்கிறான்.

படங்கள் இணைத்திருக்கிறேன். நன்றாகப் பார். முதல் மூக்கில் இடப்பக்கம் சுருக்கம். இரண்டாவதிலும் இடப்பக்கம். நீ கொடுத்த அளவுக்குத்தான் வெட்டினோம், ஒரு இழை கூடக் கூட்டிக் குறைக்கவில்லை. அப்படியிருக்க யாரைக் கேட்பது?

அன்று சொன்னது சூட்டில் வந்த வார்த்தை. நான் முதலாளி. ஆறு பேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நாளைக்கு என் பேச்சை எவன் கேட்பான்? இங்கே எழுதுகிறேன்: ஸாரி. போதுமா? கிளம்பி வா.

உன் ருஷ்டி

*

பார்ல்,
14 ஆகஸ்ட்

அன்புள்ள ருஷ்டி,

போதாது. திட்டியது பட்டறையில், ஸாரி என் மெயிலிலா?

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். கணினி மாதிரியை மறுபடி ஓட்டினேன். துணியின் இழைகள் சதுரம் சதுரமாகப் பின்னியிருக்கின்றன. வளைவான இடத்தில் படுக்கும்போது சதுரம் சாய்ந்து சாய்சதுரம் ஆகிறது. கொஞ்சம் சாயலாம். அளவுக்கு மேல் சாய்ந்தால் இழைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எழும்பும், அதுதான் சுருக்கம். மென்பொருள் அந்தச் சாய்வைத்தான் கணக்குப் போட்டு நிறத்தில் காட்டுகிறது. நீ சொன்ன பொம்மை அதுதான். சிவப்பு வந்தால் ஆபத்து. என் திரையில் முழு மூக்கும் நீலமும் மஞ்சளும்தான். ஒரு பொட்டு சிவப்பு இல்லை.

மூக்கு இரண்டு பக்கமும் ஒரே வடிவம். சுருக்கம் வருவதாக இருந்தால் இரண்டு பக்கமும் வரவேண்டும். இடப்பக்கம் மட்டும் வருகிறது என்றால் அங்கே யாரோ துணியை இழுக்கிறார்கள். போய்ப் பக்கத்தில் நின்று பார். ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாது.

ரஃபீக்கா அக்கா ஸலாம் சொல்லச் சொன்னாள். வேறு சிலவும் சொன்னாள், அவற்றை எழுத முடியாது.

யும்னா

*

கேப் டவுன்,
17 ஆகஸ்ட்

யும்னா,

போய்ப் பக்கத்தில் நின்றேன். உன் பேச்சைக் கேட்டு நின்றதற்கு எனக்கு நன்றாக வேண்டும்.

ரெசின் இல்லாமல் வெறும் துணியை அச்சின்மேல் விரித்துப் பார்த்தோம். மறுபடியும் இடப்பக்கம், அதே இடத்தில், விரல் தடிமனுக்கு எழும்பி நிற்கிறது. "யார் இழுக்கறீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், துணி விரிக்கிற காலிம் அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"நான் துணி விரிக்க ஆரம்பிச்சப்போ நீ ஸ்கூல் பையோட அலைஞ்ச. எவனும் இழுக்கல."

"அப்ப ஏன் எழும்புது?"

"அத யும்னாகிட்ட கேளு. எங்கிட்ட ஏன் கத்துற? ஆமா, அவ எப்ப வர்றா?"

"வருவா, வருவா."

"நீ போய் கூப்ட்டியா?"

வெரோனிகா பின்னாலிருந்து, "கூப்ட வாய் வேணும்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உனக்குச் சந்தோஷம்தானே? உன் திரையில் நீலம், என் அச்சில் சுருக்கம். திரையை எடுத்துப் படகில் ஒட்டி அனுப்பவா? லாட்டகன் இன்று இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

ருஷ்டி

*

பார்ல்,
18 ஆகஸ்ட்

ருஷ்டி,

சண்டையைக் கொஞ்சம் தள்ளி வை. ஒரே கேள்வி. துணியை விரிக்கும்போது காலிம் அண்ணன் முதல் கையை எங்கே வைக்கிறார்?

யும்னா

*

கேப் டவுன்,
18 ஆகஸ்ட்

இது என்ன கேள்வி, யும்னா? வலப்பக்கத்தில். எப்போதும் வலப்பக்கம்தான். பிஸ்மில்லா சொல்லி, வலது ஓரத்தைத் தட்டி உட்காரவைத்துவிட்டு, அங்கிருந்து இடப்பக்கம் தடவிக்கொண்டே வருவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வெரோனிகாகூட அவர் பிஸ்மில்லா சொல்லும்வரை துணியைத் தொடமாட்டாள். ஒன்பது வருடமாக நீயும் பக்கத்தில் நின்று பார்த்ததுதானே? வலது காலை வைத்து வீட்டுக்குள் வருகிறவர்கள் வேலையை வேறு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவோம்?

இதைக் கேட்கத்தான் சண்டையைத் தள்ளி வைத்தாயா?

ருஷ்டி

*

பார்ல்,
21 ஆகஸ்ட்

அன்புள்ள ருஷ்டி,

அஸ்ஸலாமு அலைக்கும். கிடைத்துவிட்டது.

மென்பொருளுக்குத் துணி எந்தப் புள்ளியில் முதலில் தொடுகிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் மூக்கின் நடு உச்சி என்று சொல்லியிருந்தேன். அதோடு, இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று வலது பாதியை மட்டும் கணக்குப் போட்டு, அதையே கண்ணாடியில் காட்டுவதுபோல இடப்பக்கத்துக்குத் திருப்பி வைத்தேன். எல்லோரும் செய்வதுதான், நேரம் மிச்சம். ஆனால் நடுவிலிருந்து விரித்தால் சாய்வு இரண்டு பக்கமும் பங்காகப் பிரியும். வலது ஓரத்திலிருந்து தடவிக்கொண்டு வந்தால் மிச்சம் முழுவதும் கடைசியில் இடப்பக்கம் வந்து குவியும். பிஸ்மில்லா சொல்லி வலப்பக்கம் தொடங்குவதை நம் ஆட்களில் யாரும் ஒரு தகவலாக நினைத்ததில்லை. நானும்தான். மூச்சு விடுவதை யார் சொல்வார்கள்? நீ படத்தோடு இடப்பக்கம், இடப்பக்கம் என்று எழுதியும் நான் நம்பவில்லை. அது என் திமிர்.

நடுவிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் உச்சிக்குக் கை எட்டாது, காலிம் அண்ணனும் சம்மதிக்கமாட்டார், அவரைச் சம்மதிக்கவைக்க எனக்கு விருப்பமும் இல்லை. அதனால் முழு மூக்கையும் புதிதாக, வலது ஓரத்திலிருந்தே கணக்குப் போட்டேன். இடப்பக்கம் ரத்தச் சிவப்பாக வந்தது. அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அக்கா மேலே ஓடிவந்துவிட்டாள். இப்போது இடப்பக்கத்தில் இரண்டு இடத்தில் துணியைக் கீறி, மேலே ஒட்டுத்துணி வைக்கிறேன். வலது துண்டும் இடது துண்டும் இனி ஒரே மாதிரி இருக்காது. காலிம் அண்ணன் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும், வெட்டச் சொல்.

இன்று காலையே ஆறு பேருக்கும் எழுதிவிட்டேன். தப்பு என் மாதிரியில், உங்கள் கையில் இல்லை, இழுக்கிறீர்கள் என்று சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள் என்று. என் பங்கை அவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை, ருஷ்டி. இனி உன் முறை. இரவில் தூக்கம் சரியாக வரவில்லை. நம் வீட்டுத் தலையணை வேண்டும்போலிருக்கிறது.

உன் யும்னா

*

கேப் டவுன்,
2 செப்டம்பர்

என் கண்ணான யும்னாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ்! மூக்கு வந்துவிட்டது. அச்சிலிருந்து எடுத்துப் பார்த்தோம். இடப்பக்கம் பளிங்குபோல இருக்கிறது. காலிம் அண்ணன் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, போய் டீ போட்டுக்கொண்டார்.

லாட்டகன் நேரில் வந்தார். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, முட்டி போட்டு, ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு நடந்ததைக் கேள், சிரிப்பாய்.

"என்ன கோளாறுன்னு யாரு கண்டுபிடிச்சது?" என்றார்.

"நாங்கதான். துணி எந்தப் பக்கத்துலேருந்து தொடங்குதுன்னு கவனிச்சோம். அதுலதான் விஷயமே இருக்கு" என்றேன். முழுதாக விளக்கினேன், உன் பாதிக் கணக்கு, கண்ணாடி எல்லாம். காலிம் அண்ணனுக்கு அப்போது பார்த்து ஒரே இருமல். தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

"கெட்டிக்காரன்யா நீ" என்று லாட்டகன் முதுகில் தட்டினார். இன்னும் ஆறு மூக்குக்கு வேலை கொடுத்திருக்கிறார்! டர்பன் பேச்சே இல்லை.

உன் கடிதத்தை காலிம் அண்ணன் டீ நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பெரிய மனசு உனக்கு. நீயே தப்பு உன்னுடையது என்று சொல்லிவிட்டபிறகு நான் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது, சொல்? அளவு தப்பு என்றுதானே நான் அன்றைக்கே சொன்னேன், வார்த்தைதான் கொஞ்சம் கூடிவிட்டது. ஆறிப்போனதைக் கிளறினால் அவர்களுக்கும் சங்கடம். ஞாயிறு காலை வந்துவிடு. விடிந்ததும் வரிசையில் நின்று சூடாகக் கூசிஸ்டர் பலகாரம் வாங்கி வைக்கிறேன், தேங்காய்த்தூள் தூக்கலாக. அடுத்த ஆறுக்கும் நீதான் கணக்குப் போட வேண்டும்.

உன் ருஷ்டி

*

பார்ல்,
5 செப்டம்பர்

ருஷ்டி,

ஞாயிறு காலை பையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உன் கடிதத்தைக் கடைசியாக ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்பலாம் என்று படித்தேன். பிறகு பையை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

காலிம் அண்ணன் ஏன் இருமினார் என்று உனக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் சிரிப்பேன் என்று நினைத்து அதை எனக்கே எழுதியிருக்கிறாய். நீ வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழவில்லை என்று எழுதினால் பொய்.

திரையில் பொம்மை போடுகிறவள் என்றாய். அந்தப் பொம்மையால் படகு நிமிர்ந்ததும் "நாங்கதான்" என்றாய். தப்பு வந்தபோது மட்டும் நான் தனி ஆள்.

ஆறு மூக்குக்கும் உரிய கோப்புகள் நம் பொதுக் கோப்புறையில் இருக்கின்றன. வலது ஓரத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன், உங்கள் வழக்கப்படி. கீறல் இரண்டையும் மறக்க வேண்டாம் என்று வெரோனிகாவிடம் சொல். ஸ்டெலன்போஷில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன். கேட்ஸ்பியை விட்டுவிட்டு ஏதாவது சமைத்துச் சாப்பிடு.

யும்னா

*

கேப் டவுன்,
24 செப்டம்பர்

யும்னா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. இது மூன்றாவது. வா என்று கேட்க எழுதவில்லை. நடந்ததைச் சொல்ல எழுதுகிறேன்.

நேற்று ஜும்ஆ முடிந்து வந்ததும் ஆறு பேரையும் அச்சருகே கூப்பிட்டேன். அடுத்த மூக்குக்குத் துணி தயாராக இருந்தது. பம்பை நிறுத்தச் சொன்னேன். நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு இங்க நின்னு யும்னாவப் பத்திச் சொன்னது தப்பு. அவள அவமானப்படுத்தினேன். கோளாற கண்டுபிடிச்சது அவ. லாட்டகன்கிட்ட நாங்கன்னு பொய் சொன்னேன். இன்னைக்குக் காலைல அவருக்கும் போன் பண்ணி உண்மையச் சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை நாள் நான் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். லுவாண்டோ தலையாட்டினான். வெரோனிகா, "இதச் சொல்ல இவ்ளோ நாளா?" என்றாள்.

காலிம் அண்ணன் திரும்பி வாசலைப் பார்த்தார். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன் என்று நினைத்துவிட்டார்போல.

"அவ எங்க?"

"வரல."

"அப்ப இத யாருக்குச் சொல்ற?" என்றார்.

அவர் அச்சுப் பக்கம் திரும்பினார். பிறகு பிஸ்மில்லா சொல்லி வலது ஓரத்தில் கையை வைத்தார். நாங்களும் போய் நின்று துணியைப் பிடித்தோம். இடப்பக்கத்தில் சுருக்கம் இல்லை.

ருஷ்டி