ஃபேட் என்றால் செழிப்பு

அன்பரசி அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் துபாயில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் நான், வெள்ளைக்கார மேடம், அவர்களுடைய கைக்குழந்தை, கார்ச் சாவி கொடுக்க வந்த செங்கல்பட்டு ராஜேந்திரன் அண்ணன், நாலே பேர். தனக்காக ஜெபிக்கச் சொன்னார்கள் மேடம். "ஆண்டவரே, இவர்களை ஃபேட் ஆக்கும்" என்று ஆங்கிலத்திலேயே உருக்கமாக வேண்டினேன். கண்ணைத் திறந்தால் மேடத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இன்னா ஜாக்குலினு, சோறு போடுற அம்மாவ குண்டாக்கச் சொல்லிக்கினு கீற? இன்னிக்கே பொட்டி கட்டிக்கோ!" என்றார் அண்ணன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். தமிழ் வேதத்தையும் பழைய ஆங்கில வேதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்துத்தானே ஆங்கிலம் கற்றேன்? அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மாடோ மனிதரோ, செழித்திருந்தால் ஃபேட்தான், அது ஆசீர்வாதம். அதை மேடத்திடம் விளக்கினேன். மேடம் சிரித்துவிட்டார்கள். பிறகு, குறைமாதத்தில் பிறந்த அந்தக் குழந்தையை என் மடியில் வைத்து, "இவளுக்கும் அதையே கேள்" என்றார்கள். கேட்டேன்.

யாராவது வந்தால் புதுப்பட்டினம் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். காய்ச்சலுக்குப் பிறகு அன்பரசி உடம்பு தேறினாளா? போனில் கேட்டால் "நல்லாத்தாம்மா கீறேன்" என்று முகத்தை மட்டும் காட்டுகிறாள். அவளை நிற்கவைத்து முழுப் படம் எடுத்து அனுப்புங்கள். குழந்தை அழுகிறது, போகிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஜாக்குலின்